டென்மார்க் மடியில் ஒரு காதுகுத்து

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது, கேட்பவர் தமிழராக இருந்தால். எதிரே ஒரு வெள்ளைக்காரர் நின்றுவிட்டால் மட்டும், உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லாமல் போய்விடும். இந்த வியாதிக்கு நான் பலி கொடுத்தது என் தாய்மாமன் பதவியை.

2006 வாக்கில் கடலூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். புது மிஷின் பொருத்த டென்மார்க்கிலிருந்து வந்த ஹென்ரிக், ஒரு வருடம் கடலூரிலேயே வீடெடுத்துத் தங்கினார். ஆறடி நாலங்குலம், மஞ்சள் தாடி. சனி ஞாயிறு வந்தால் ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் அவருக்கு. வழிகாட்டி நான். (யாரும் நியமிக்கவில்லை.) பிச்சாவரத்தில் படகில் போகும்போது, இந்த மரங்களுக்கு என்ன வயது என்று கேட்டார். எண்ணூறு என்றேன். திரும்பும்போது மறுபடி கேட்டார். அறுநூறு என்றேன். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டார், நல்ல மனிதர். பண்ருட்டியில் பலாச்சுளையை அவரே எடுக்கட்டும் என்று விட்டேன். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்ல மறந்துபோனேன். திங்கட்கிழமை வரை அவர் யாருக்கும் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் திரும்பி வந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை செல்வியின் குழந்தைக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள், செல்விக்கு நான் ஒரே அண்ணன், ஆகவே அன்றைக்கு நான்தான் கதாநாயகன் என்று ஹென்ரிக்கிடம் விளக்கி, கேமராவோடு வரச் சொன்னேன்.

செல்வி முதல் நாளே போன் செய்தாள். "அண்ணே, எங்க சின்ன மாமனாரு இப்பவே ஆரம்பிச்சிட்டாரு. 'ஒங்க அண்ணன் எந்த விசேஷத்துக்கு நேரத்துக்கு வந்துருக்கான், நம்ம ஆளு ஒருத்தன ஒக்கார வச்சிக்கலாம்'ங்கறாரு. எம் மானம் ஒன் மடியிலதான் இருக்கு, பாத்துக்க."

வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்கெல்லாம் மேளத்தோடு, சீர்த்தட்டோடு, பட்டு வேட்டி கட்டிய ஹென்ரிக்கோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். செல்வி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கு மாலை போட்டு மணையில் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார் காது குத்த வந்த பத்தர். நேரம் நிறைய இருந்தது.

அப்போதுதான் ஹென்ரிக்கின் கேமரா கண்ணை மூடியது. நான் சீர் கொண்டு வந்த அழகை எடுத்தே பேட்டரி தீர்ந்துவிட்டது. மண்டபத்தில் வாடகைக்கு வந்த போட்டோகிராபர் ஒருவர் இருக்கத்தான் செய்தார். ஆனால் என் படம் டென்மார்க் போக வேண்டாமா?

"இருங்க, ரெண்டே நிமிஷம்" என்று எழுந்தேன். கழுத்தில் மாலையோடு கடைவீதியில் நடந்தால் சிரிப்பார்களே என்று அதைக் கழற்றி ஹென்ரிக்கின் கழுத்தில் மாட்டி, என் மணையில் அவரை உட்கார்த்தினேன். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அந்தப் பழக்கம். இந்தத் துண்டு மட்டும் ஆறடி நாலங்குலம்.

ஞாயிற்றுக்கிழமையில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. ஒரு கடையில் டார்ச் லைட் பேட்டரி இருந்தது, இன்னொன்றில் அதுவும் இல்லை. மூன்றாவது கடைக்காரர், யாருக்கு என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. டென்மார்க், மிஷின், பிச்சாவரம் என்று நான் சொல்லி முடித்தபோது அவர் கடையைச் சாத்த எழுந்திருந்தார்.

மண்டப வாசலை நான் தொடும்போது உள்ளே கெட்டிமேளம். அதையும் மீறி ஓர் அழுகைச் சத்தம்.

நடந்ததைப் பிறகு மச்சான்தான் சொன்னார். மணி பதினொன்றே முக்காலைத் தாண்டியதும் பத்தர் அவசரத்தில் பறந்திருக்கிறார். சின்ன மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பொண்ணு வூட்டு ஆளத்தான் காணுமே" என்று தன் பக்கத்துப் பையன் ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறார். சபை முழுக்கச் செல்வியைப் பார்த்திருக்கிறது.

"எதுக்கு மாமா அவன கூப்புடுறீங்க?" என்றாளாம் செல்வி. "எங்க அண்ணன் தன் கையால போட்ட மால இவரு கழுத்துல இருக்கு. இவரும் எங்க வூட்டு ஆளுதான்."

சொல்லிவிட்டுக் குழந்தையைத் தூக்கி ஹென்ரிக் மடியில் வைத்துவிட்டாள். என்னைக் கண்டாலே வீறிடும் அந்தக் குழந்தை, அவர் தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறது. ஊசி இறங்கியபோது ஒரு சின்னச் சிணுங்கலோடு சரி. வாசல் வரை கேட்டது ஹென்ரிக்கின் அழுகை.

கையில் நாலு பேட்டரியோடு நின்ற என்னைச் செல்வி ஒருமுறை பார்த்தாள். "பேட்டரி கெடச்சிதாண்ணே? சரி, பந்தி போட்டுட்டாங்க. கூட்டம் ஜாஸ்தி, சீக்கிரம் போயி ஒக்காரு." திட்டியிருந்தால் அவ்வளவு வலித்திருக்காது.

திரும்பும் வழியில் ஹென்ரிக், தாய்மாமனுக்கு என்னென்ன கடமை என்று கேட்டார். வியாதி விடுமா? தீபாவளித் துணியில் தொடங்கிக் கல்யாணச் சீர் வரை ஒன்று விடாமல் சொன்னேன். எத்தனை வருடத்துக்கு என்றார். ஆயுசுக்கும் என்றேன். அவரிடம் நான் சொன்னவற்றிலேயே முழு உண்மை அது ஒன்றுதான். அதையும் எழுதிக்கொண்டார்.

அவர் டென்மார்க் திரும்பிய பிறகும் ஒரு தீபாவளி தவறியதில்லை, பார்சல் வந்துவிடும். கம்பளிச் சட்டை, கம்பளிக் குல்லா, கையுறை. சிதம்பரத்துப் புழுக்கத்தில் அத்தனையையும் குழந்தைக்கு மாட்டி, வேர்க்க வேர்க்க நிற்க வைத்துப் போட்டோ எடுத்து அனுப்புவாள் செல்வி. நான் பட்டுப் பாவாடை கொண்டுபோனால், "ஒனக்கு எதுக்குண்ணே வீண் செரமம்" என்பாள், அக்கம்பக்கத்தாருக்குச் சொல்வதுபோல.

அந்தக் குழந்தை இப்போது காலேஜில் படிக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது, "எங்க அம்மாவோட அண்ணன்" என்று தோழியிடம் என்னை அறிமுகப்படுத்தினாள்.

"அப்ப தாய்மாமாவா?" என்றது அந்தப் பெண்.

"சேச்சே" என்றாள் என் மருமகள். "தாய்மாமா டென்மார்க்ல இருக்காரு."