நீல வயரும் ஆரணி அத்தையும்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. ஆனால் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், இலையில் உப்பு வைப்பதற்கு முன்பே யாராவது இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். அதையும் தப்புத் தப்பாக. போன முகூர்த்தத்தில் ஒரு சித்தப்பா, காரே சாமியாடிக்கொண்டு தெருவுக்குள் வந்தது என்றார். கார் ஆடவில்லை. அதை ஓட்டிய என் கால்தான் ஆடியது. அந்த ஒரு திருத்தத்துக்காகத்தான் இவ்வளவும்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் எங்கள் இடம். வீட்டில் தறி ஓடுகிறது. நைனா (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். கார் நல்ல கார்தான். ஸ்டீரியோ மட்டும் கம்பெனி போட்டுக் கொடுத்தது. எந்தப் பாட்டைப் போட்டாலும் ஜலதோஷம் பிடித்த ஆள் போர்வைக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கும். நெஞ்சில் தொம் என்று இடிக்கிற பேஸ் என்ற சமாச்சாரமே அதில் கிடையாது. வாலிப வயதில் ஒருத்தன் (நான்தான்) அப்படி ஒரு காரை ஓட்டிக்கொண்டு ஊருக்குள் எப்படிப் போவான்?

ஒலிமுகமதுபேட்டையில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ரஃபி என் கூட்டாளி. அவன் கடையிலிருந்து பேஸுக்கென்றே இருக்கிற ஒரு சப்வூஃபர் பெட்டியும், அதற்கு உயிர் கொடுக்கிற ஆம்ப்ளிஃபயரும் தூக்கிக்கொண்டு வந்தேன். கொடுக்கும்போதே சொன்னான்.

"பெட்டிய எடுத்துக்கினு போ. ஆனா நீ மாட்டாத. கம்பெனி ஸ்டீரியோல ஆம்ப்ப எழுப்பி விடற வயரே இருக்காது. நான் முன்னாடி இருந்து தனியா ஒண்ணு இழுக்கணும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு வரேன்."

"அக்காவ பொண்ணு பாக்க வியாழக்கிழமையே வராங்கடா."

"பொண்ண பாக்கத்தானே வராங்க? ஊஃபர பாக்கவா வராங்க?"

நியாயமான கேள்வி. அதனால்தான் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அக்கா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தேவி அக்காவும் ஆரணி முரளியும் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பார்த்து, பேசி, போனில் வளர்ந்து, இரண்டு வீட்டுக்கும் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டிருந்தது. எல்லோருக்கும் சம்மதம், முரளியின் அப்பாவைத் தவிர. அவர் மறுத்துப் பேசவும் மாட்டார். எங்கே பெண் பார்க்கப் போனாலும் பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "ஊருக்குப் போய் சொல்லி அனுப்பறோம்" என்பாராம். அதற்கப்புறம் ஒரு சொல்லும் வராது. இந்த முறையும் அப்படி நடந்தால் அவ்வளவுதான் என்று அக்கா ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தாள்.

எனக்குத் தனி எச்சரிக்கை வேறு. முன்பு வந்த ஒரு வரன் வீட்டார், "பொண்ணு நல்லா சமைக்குமா?" என்று கேட்டபோது, "அது சமைக்கும், நீங்க தாங்குவீங்களா?" என்று கேட்டவன் நான். அவர்கள் காபியைக் குடிக்காமலே எழுந்துவிட்டார்கள்.

"பாபு, இந்த வாட்டி நீ வாயத் தொறந்தே, தறிக்குழில தள்ளி மண்ணப் போட்டு மூடிடுவேன்," என்றாள் அக்கா.

"தொறக்கவே மாட்டேன்கா. சத்தியமா."

சத்தியத்தைக் காப்பாற்றினேன். வாயைத் திறக்கவில்லை. டிக்கியைத்தான் திறந்தேன்.

தறி வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு திமிர் இருக்கும். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலான பாவு முடிந்தால், அதன் இழை நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். பிணைக்கிறது என்போம். முடிச்சு கிடையாது. விரலில் கொஞ்சம் சாம்பல் தொட்டு ஒரே முறுக்கு. புடவையின் உடம்பு இழைக்கு உடம்பு இழை, கரை இழைக்குக் கரை இழை, கலருக்குக் கலர். யோசிக்கவே வேண்டாம். படிப்பில் தேறாத நான் இதில் மட்டும் தெருவிலேயே கெட்டிக்காரன். ஆயிரக்கணக்கான இழையைப் பிணைக்கிற கைக்கு நாலு வயர் ஒரு கணக்கா?

புதன்கிழமை உட்கார்ந்தேன். தடி சிவப்பு வயர் பேட்டரிக்கு. கறுப்பு, காரின் இரும்பில் ஒரு போல்ட்டுக்கு. பாட்டுக்குப் பின் ஸ்பீக்கர் வயரில் ஒரு ஒட்டு. இதெல்லாம் எனக்கே தெரியும். கடைசியில் ஆம்ப்பிலிருந்து மெல்லிசாக ஒரு நீல வயர் மிஞ்சியது. ரஃபி சொன்ன, எழுப்பி விடுகிற வயர். இதைக் காரின் முன்பக்கம் வரை யார் இழுப்பது? டிக்கி ஓரத்தில் பார்த்தேன். பின் விளக்குக்குப் போகிற கட்டில் அதே மெல்லிசில், அதே நீலத்தில் ஒரு வயர் எனக்காகவே காத்துக்கொண்டிருந்தது. நீலத்துக்கு நீலம். டேஷ்போர்டில் பிள்ளையார் முன்னால் இருந்த விபூதியை விரலில் தொட்டு, முறுக்கினேன் ஒரு முறுக்கு. (செம்புக் கம்பிக்குச் சாம்பல் எதற்கு என்று கேட்காதீர்கள். கை பழக்கம்.)

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிப் பாட்டைப் போட்டேன். தொம், தொம் என்று வீடே அதிர்ந்தது. உள்ளே அலமாரியில் எவர்சில்வர் தட்டு விழுந்தது. வெற்றி. வண்டியைக் கிளப்பும்போது என் கால் பழக்கதோஷத்தில் பிரேக்கின் மேல் இருந்ததை நான் ஏன் கவனிக்கப் போகிறேன்?

காரில் இருந்தது அம்மாவின் பென் டிரைவ். ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றியபோது ஓடிய அம்மன் பாட்டுகள். பம்பையும் உடுக்கையுமாக. "சம்பந்தி ஏறுற வண்டி, சாமி பாட்டே ஓடட்டும்," என்றாள் அம்மா. சரி என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை பஸ் ஸ்டாண்டில் மூன்று பேரையும் ஏற்றினேன். முரளி முன்னால். அவர் அப்பாவும், இப்போது நாங்கள் ஆரணி அத்தை என்று கூப்பிடுகிற அவர் அம்மாவும் பின்னால். வண்டி நகர்ந்த பிறகுதான் பாட்டைப் போட்டேன். அதே ஜலதோஷக் குரலில் ஓடிக்கொண்டிருந்தது. தொம் தொம் காணோம். வயர் கழன்றுவிட்டதோ என்று வருத்தப்பட்டுக்கொண்டே பஸ் ஸ்டாண்ட் வாசலுக்கு வந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே நின்றது. பிரேக் அடித்தேன்.

பின் சீட்டுக்குப் பின்னால் ஆயிரம் பம்பை ஒன்றாக முழங்கியது.

முரளியின் அப்பா சீட்டிலிருந்து ஒரு சாண் எழும்பி இறங்கினார். "இன்னாப்பா அது?"

வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன், சிரித்து மட்டும் வைத்தேன். ஆட்டோ நகர்ந்தது, காலை எடுத்தேன், முழக்கம் நின்றது. ராஜ வீதியில் டூரிஸ்ட் பஸ் ஒன்று ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. மறுபடி பிரேக். மறுபடி முழக்கம். கண்ணாடியில் பார்த்தேன். ஆரணி அத்தையின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அடுத்து ஒரு மாடு. பிரேக். அத்தையின் கொண்டை அவிழ்ந்தது. "ஏய்ய்ய்" என்று ஒரு குரல் வந்தது. அது அத்தையின் குரல் மாதிரியே இல்லை.

"இவளுக்கு ஆத்தா வந்துட்டா," என்றார் முரளியின் அப்பா, கை கூப்பிக்கொண்டு. நான் ஸ்டீரியோவை நிறுத்தக் கையை நீட்டினேன். "பாட்ட நிறுத்தாதபா. பாதில நிறுத்தினா ஆத்தா கோவம் நம்ம மேல திரும்பிடும்."

அதற்கப்புறம் நான் ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. பிரேக்கைத் தொடாமல் காஞ்சிபுரத்தில் கார் ஓட்டிப் பாருங்கள், தெரியும். கியரைக் குறைத்தேன். ஹேண்ட் பிரேக்கைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். தள்ளுவண்டிக்காரர் ஒருவர் என் வம்சத்தையே விசாரித்தார். அப்படியும் திருப்பத்தில் பிரேக்கைத் தொட வேண்டியிருந்தது. தொட்டால் ஆத்தா வருகிறாள். விட்டால் அத்தை வாட்டர் பாட்டிலைக் கேட்கிறாள். முரளி என் காலைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார், மறுபடியும் என் காலைப் பார்த்தார். அவர் டிப்ளமோ படித்தவர். புரிந்துவிட்டது.

எங்கள் வீட்டு வாசலில் நைனா, அம்மா, ஆரத்தித் தட்டு எல்லாம் தயார். வேறு வழியில்லை. பிரேக் பிடித்தேன். அத்தை "டேய்" என்று ஒரு அதட்டல் போட்டதில், அம்மா கையிலிருந்த தட்டு ஆடியது. தெரு முழுக்கக் கூடிவிட்டது. யாரோ வேப்பிலை ஒடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். ஜன்னல் வழியாக அக்காவின் முகம் தெரிந்தது. தறிக்குழி என் கண் முன்னால் வந்தது. கதவைத் திறந்து ஓடிவிடலாம் என்று காலை எடுக்கப் போனேன்.

"கால எடுக்காத," என்றார் முரளி, உதடு அசையாமல்.

"மாமா?"

"அமுக்கிப் புடி. எங்கப்பா ஒத்துக்கற வரைக்கும்."

அமுக்கிப் பிடித்தேன். நைனா கார்க் கதவோரம் வந்து கேட்டார், "தாயே, எதுக்கும்மா வந்திருக்கே? இன்னா கொற?"

"இந்த வூட்டுப் பொண்ணு என் வூட்டுக்கு வரணும்டா," என்றாள் ஆத்தா. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் பக்கம் தலையைத் திருப்பி, "நீ இன்னாடா சொல்றே?"

"சரி தாயே," என்றார் அவர், கன்னத்தில் போட்டுக்கொண்டு. "ஊருக்குப் போய் கலந்துக்கினு…"

அந்த நேரம் பார்த்துப் பாட்டு முடிந்தது. முழக்கம் நின்றது. அத்தையின் தலை தொங்கியது. போச்சு, அக்கா கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். முரளி கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த பாட்டு பம்பையில் ஆரம்பித்தது.

"ஊருக்குப் போய் இன்னாடா கலந்துக்கப் போறே? இங்கியே சொல்லு."

"இங்கியே சொல்றேன் தாயே. இவதான் மருமவ. கற்பூரத்த ஏத்துங்கப்பா."

தெருவே சாட்சியாகக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார். என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வந்தது. பக்தி என்று பக்கத்து வீட்டம்மா நினைத்தார்களாம். முரளி என் முழங்காலைத் தட்டி, "போதும்," என்றார். காலை எடுத்தேன். அத்தை தலையை முடிந்துகொண்டு, தண்ணீர் குடித்து, ஒன்றுமே நடக்காதது போல, "பொண்ணு எங்கம்மா?" என்று இறங்கினாள்.

மறுநாள் தொழுகை முடித்துவிட்டு ரஃபி வந்தான். டிக்கிக்குள் தலையை விட்டான்.

"ஏண்டா, எழுப்பற வயர பிரேக் லைட்டுல முறுக்கி வெச்சிருக்கியே. இது இன்னாடா, விபூதியா?"

"கலருக்குக் கலரு சரியா இருந்துச்சுடா."

"கார் இன்னா பட்டுப் பொடவையாடா?"

பிரித்து மாட்ட ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். அதற்குள் அம்மா மஞ்சள் குங்குமத்தோடு வந்து ஊஃபர் பெட்டிக்குப் பொட்டு வைத்துவிட்டாள். "ஆத்தா பேசின எடம். யாரும் தொடக் கூடாது." அன்றிலிருந்து இன்று வரை தொடவில்லை. பிரேக் பிடித்தால்தான் பேஸ். நான் தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் பசங்கள் "ஆத்தா வருது, வழி வுடு" என்கிறார்கள்.

கல்யாணம் முடிந்த பிறகு, விருந்தில் முரளி மாமாவே வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார். எல்லோரும் ஆரணி அத்தையைப் பார்த்தோம். அத்தை ரசத்தை நிதானமாகக் குடித்து முடித்து, "வயரு எதுல மாட்டுனா இன்னா? வந்தவ வந்தவதான்," என்றாள். அவள் வீட்டுக்காரர் மட்டும் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்குப் பெண் பார்க்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தக் காரில்தான் எல்லோரும் செய்யாறு போகிறோம். போகிற இடத்தில் மானம் போகக் கூடாது, அம்மாவுக்குத் தெரியாமல் வந்து அந்த நீல வயரை மட்டும் மாற்றிக் கொடுடா என்று ரஃபிக்கு வாட்ஸ்அப்பில் கெஞ்சினேன். உடனே பதில் வந்தது:

"உனக்கெல்லாம் சாமியே வந்து சொன்னாத்தான் பொண்ணு குடுப்பாங்க, அது அப்படியே இருக்கட்டும்."