டிடாச்: பொருள், பிறப்பு, பயன்பாடு

வெள்ளைக்காரன் ஏற்காட்டில் விட்டுப்போன செல்வங்களில் காப்பிச் செடிக்கு இரண்டாவது இடம்தான். முதலிடம் ‘டிடாச்’ என்னும் வினைச்சொல்லுக்கு. அதன் மாண்பை அல்லும் பகலும் காத்துவந்தது ஒண்டிக்கடை மாடியில் இயங்கிய காப்பித் தோட்டத்தார் நல்வாழ்வுச் சங்கம். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கேட்டு யார் வந்தாலும் அச்சொல்லின் பொருள், பிறப்பு, பயன்பாடு கேட்காமல் அனுப்பமாட்டார்கள்.

எண்பத்துநாலாம் வருஷத்து ஐப்பசி மழையில் சாந்தாமேரி தேர்வுக்கு வந்தாள். குடும்பத்தில் முதல் பி.ஏ. அம்மாவுக்கு எஸ்டேட்டில் போன மாதம் வேலை போயிருந்தது. இவளுக்கு இது கிடைத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும். வழியில் காலில் அட்டைப்பூச்சி ஏறினால் போட, உப்பு முடிச்சு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள்.

தலைவர் தேவசிகாமணி, துரைமார் மரபு கெடாமல் அரைக்கால் சட்டையில் தோட்டம் சுற்றிவிட்டு நேரே வந்து அமர்ந்திருந்தார்.

“டிடாச். பொருள் சொல்லு கண்ணு.”

“ஒட்டியிருக்கிறதைக் கழட்டி விடறதுங்க. ஐயா, உங்க கால்ல அட்டைங்க.”

“கேட்டதுக்கு மட்டும் பதில். பிறப்பு?”

“பிரெஞ்சுங்க. முளைக்குச்சியில கட்டுனதை அவுத்து விடறதுங்க.”

“பிரெஞ்சுக்காரன் ஊட்டுலயும் மாடு இருந்துச்சுங்களா?” என்று வியந்தார் உறுப்பினர் வேலுசாமி. பிறகு குனிந்து ‘கள ஆய்வு’ செய்தார். “ஏனுங்க தலைவரே, அட்டைதானுங்க. நம்ம கமிட்டி ஆளாட்டம் நொம்ப நிதானமாச் சாப்பிடுது.”

தலைவர் கெண்டைக்காலைப் பார்த்தார். முகம் வெளுத்தது. “எடுய்யா அதை.”

“இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல அது இல்லீங்களே,” என்றார் வேலுசாமி.

“கண்ணு, கையில என்ன, உப்பா? போடு சாமி.”

சாந்தாமேரி முடிச்சை அவிழ்க்கவில்லை. “ஒரு கேள்வி பாக்கி இருக்குதுங்க. பயன்பாடு. எங்கம்மா இருபது வருசம் உங்க எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிச்சாங்க. போன மாசம் ‘நாளையிலிருந்து வராதே’ன்னு ஒரே பேச்சுல டிடாச் பண்ணுனீங்க. உப்புக்கூடச் செலவாகலைங்க.”

அதற்குள் வயிறு முட்டிய அட்டை தானாகப் பிடியை விட்டுத் தரையில் உருண்டது.

“பாத்தியா? உன் தயவு தேவைப்படலை,” என்றார் தலைவர், காலில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி.

“அது அப்படித்தானுங்க. நிறைஞ்சா விட்டுரும்.”

முடிவு அன்றே வெளியானது. சாந்தாமேரிக்குப் பொருளிலும் பிறப்பிலும் முழு மதிப்பெண், பயன்பாட்டில் பூஜ்யம். வேலை தலைவரின் மச்சானுக்கு. அடுத்ததாக, வயிறு நிறைந்ததும் பிடியை விடும் அட்டை சங்க உறுப்பினராகும் தகுதியற்றது என்று ஏகமனதாகத் தீர்மானித்து, தேவசிகாமணியையே நான்காம் முறையாகத் தலைவராக்கினார்கள்.