பதினான்கு நல விசாரிப்புகள்

பாசத்துக்கும் கோபத்துக்கும் என்றைக்கும் குறைவைக்காத அக்காவுக்கு, உன் ஒரே தம்பி எழுதுவது.

இங்கே நானும் உன் தம்பி மனைவியும் வீட்டு இன்டர்நெட்டும் நலம். அங்கே நீயும் அத்தானும் முக்கியமாக உன் வலது மணிக்கட்டும் நலமாக இருக்க வேண்டும். பேனா பிடித்துப் பல வருஷமாகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், இதில் அழிக்கிற பொத்தான் இல்லை.

மூன்று வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். 'வழுக்கி விழுந்துட்டேன், வலது மணிக்கட்டு முறிஞ்சிருக்கு' என்று நீ அனுப்பினாய். 'ரொம்ப சந்தோஷம் அக்கா, இதே மாதிரி தொடரட்டும்' என்று என் போனிலிருந்து பதில் வந்தது. அது நான் எழுதியது இல்லை, நான் எழுதிய புரோகிராம் எழுதியது. சாஃப்ட்வேரில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன், புரோகிராமில் ஒரு தப்பும் கிடையாது. சொன்னதை அப்படியே செய்தது. சொன்னவன்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆபீசில் வேலை கழுத்தை நெரித்தது. உனக்குப் போன் பண்ணவே முடியவில்லை, அது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் தொழிலில் ஒரே வேலையை மூன்று தடவை கையால் செய்தால் கேவலம், நாலாவது தடவை கம்ப்யூட்டர்தான் செய்ய வேண்டும். அதனால் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து நானூறு வரி எழுதினேன். பதினான்கு நல விசாரிப்புகள், தினமும் காலை ஏழரைக்கு ஒன்று, தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து. 'சாப்பிட்டியா', 'முட்டி வலி எப்படி', 'அங்கே மழையா', இப்படி. நீ என்ன பதில் போட்டாலும் மேலே சொன்ன சந்தோஷ வரி போகும். எங்கள் டெஸ்டர் அம்மாவிடம் ஒரு தடவை காட்டினேன். அடுத்தவர் எழுதியதை உடைத்துப் பார்ப்பதுதான் அந்த அம்மாவின் உத்தியோகம். "கெட்ட செய்தி வந்தா என்ன பண்ணும் சார்?" என்று கேட்டார். "எங்க அக்காவுக்குக் கெட்ட செய்தியே வராதுங்க" என்றேன். அதை நம்பித்தான் சொன்னேன் அக்கா.

அத்தான் போன் பண்ணி, "என்ன மாப்ளே, எலும்பு முறியறது தொடரட்டும்னு போட்டிருக்கே, இன்னும் எத்தனை பாக்கின்னு சொல்லிடேன்" என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. உடனே திருத்தினேன். விழுந்தது, உடைந்தது என்று ஏதாவது வந்தால் ஆறுதல் சொல்லும்படி மாற்றி, எங்கும் நன்றாக ஓடுகிறதா பார்க்கலாம் என்று எல்லாருக்கும் போட்டுவிட்டேன், அங்கேதான் புத்தி மழுங்கிவிட்டது, சித்தப்பா பேத்திக்கு முதல் பல் விழுந்தது என்று ஆசையா போட்டோ அனுப்பியிருக்கார், 'ஆழ்ந்த அனுதாபம், போனது திரும்பி வராது, மனசைத் தேத்திக்கோங்க' என்று போயிருக்கு, அந்தப் பொண்ணு அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் வாயைத் திறக்கவே இல்லையாம். ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வர் விழுந்துடுச்சுன்னு மேனேஜர் செய்தி போட, அவருக்கும் அதே அனுதாபம். அவர் என் சீட்டுக்கே வந்து, "இந்த ஆபீசில் என் மனசைப் பத்தி முதல்ல நெனச்சவன் நீதான்யா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சர்வரை யாரும் பார்க்கவில்லை, அது பாட்டுக்கு மத்தியானம் வரை விழுந்தே கிடந்தது.

இப்போது எல்லாவற்றையும் அழித்தாயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் பத்து மொழி கற்று எட்டை மறந்திருக்கிறேன், இதையும் கற்றுக்கொண்டேன் என்று வை. கற்பதை நிறுத்தினால் இந்தத் தொழிலில் ஆளை ஓரங்கட்டிவிடுவார்கள். அதனால்தான் போன வருஷம் உனக்கும் புரோகிராம் எழுதப் பழக ஒரு இலவசப் பாடம் அனுப்பினேன். நீ அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய், போகட்டும்.

உன் கோபம் ஆறிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏனென்றால் போனைத்தான் எடுக்கவில்லையே தவிர, நான் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நிமிஷத்துக்குள், 'நான் நல்லா இருக்கேன், நீ உடம்பைப் பார்த்துக்கோ' என்று பதில் போடுகிறாய். வலது கையில் மாவுக்கட்டோடு, இடது கையால், ஒரு எழுத்து பிசகாமல். இந்த அக்கறை எந்த மெஷினுக்கு வரும், சொல்லு. இனி ஞாயிறுதோறும் நானே பேசுவேன். எடுத்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். கையை அசைக்காதே, கனம் தூக்காதே, என்னைத் திட்டுவதற்குக்கூடக் கையை ஓங்காதே.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தம்பி.

பின்குறிப்பு: 'கடிதம் எழுதி முடிச்சிட்டேன், நாளைக்குத் தபால்ல போடறேன்' என்று இப்போதுதான் உனக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது: 'கடிதம் கிடைச்சுது, படிச்சேன், மனசு லேசாச்சு, நீ உடம்பைப் பார்த்துக்கோ.' கடிதம் என் மேஜைமேல் இருக்கிறது. அத்தானுக்குப் போன் போட்டேன். "பாடம் முழுசையும் எப்பவோ முடிச்சிட்டா மாப்ளே. ரெண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வெயில் கொளுத்தறப்பவும் 'அங்கே மழையா'ன்னு நீ கேக்கறதைப் பார்த்துக் கண்டுபிடிச்சு, பதிலுக்கு இவளும் ஒண்ணு எழுதினா. ஆறே வரி. கடிதம் எழுதப்போறேன்னு நீ சொன்னதும் நேத்து ஒரு வரி சேர்த்தா" என்றார். நானூறு வரிக்கு ஏழு வரி. வயிறு எரிகிறது அக்கா, ஆனால் பெருமையாகவும் இருக்கிறது. நான்கு மாதமாக உன்னோடு நானும் பேசவில்லை, என்னோடு நீயும் பேசவில்லை, இரண்டு புரோகிராம்கள்தான் ஒன்றுக்கொன்று உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன. கடைசியாக அத்தான் சொன்னார்: "விழுந்த அன்னைக்கு மட்டும் அவ அதை நிறுத்திட்டு, இடது கையால தானே டைப் பண்ணினா. இன்னைக்காவது அவனே படிப்பான்னா."

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. சனிக்கிழமை காலை ரயிலில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். இதை நீ படிக்கும்போது உன் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். படித்து முடித்ததும் பதில் சொல்லு, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை.