கதவைத் தட்டச் சொல்லும் தாள்

வெளியூர் வேலையில் இருக்கும் அன்பு அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலையணை உறையை அவ்வப்போது மாற்றி, சுகமாக இருப்பாய் என நம்புகிறேன். இங்கே நால்வரும் நலம். நலமில்லாதது பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் ஒரு தாள்.

ஒட்டியது உன் மனைவி. ‘நம் வீட்டு ஒப்பந்தம்’ என்று தலைப்பு. ஒவ்வொருவரும் தனி மனிதராம். சம்மதமில்லாமல் ஒருவர் அறைக்குள் இன்னொருவர் போகக் கூடாதாம். தட்ட வேண்டும், பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும். எந்தக் காகிதத்தையும் படிக்காமல் கையெழுத்திடும் அப்பா முதல் ஆளாகப் போட்டுவிட்டார். நான் மறுத்துவிட்டேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை போடப் போகிறாள். அதற்குள் நீ ஃபோன் செய்து அதைக் கிழிக்கச் சொல்ல வேண்டும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. மனிதன் முதலில் தனியாக நின்று, யோசித்து, பிறகு கைகுலுக்கி உறவுக்குள் வந்தவன் போல அந்தத் தாள் பேசுகிறது. அப்படி ஒருவனை நான் புத்தகங்களில்தான் பார்த்திருக்கிறேன். அவனுக்கு மூக்குத் துடைத்துவிட்டது யார் என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. அம்மாவை நான் சம்மதித்தா பெற்றேன்? அவள்தான் என்னை, விசாரித்துவிட்டா பெற்றாள்?

அண்ணியைக் குறை சொல்லவில்லை. அவர் நல்லவர், அதுதான் சங்கடம். போன வாரம் சமையலறையில் நின்று, “அத்தை, உங்களுக்குன்னு என்ன வேணும்? யாராவது கேட்டிருக்காங்களா?” என்றார். அம்மா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கூடவே கிடக்கிறேன், எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. கேட்காமலே தெரிந்துகொள்வதுதான் உறவு என்று இருந்துவிட்டேன். இப்போது அண்ணி இரண்டு தட்டு தட்டினால், “வாம்மா” என்று தேனாய் ஒரு குரல். எனக்கு மட்டும், “கதவ ஒடைக்காதடி.”

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். அண்ணி தட்டினார், பதில் இல்லை, ஒப்பந்தப்படி திரும்பிவிட்டார். நான் நேராக உள்ளே போனேன். நெற்றி சுட்டது. மாத்திரை கொடுத்து, ஈரத்துணி போட்டு, மூன்று மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை, பாவம், அவ்வளவு காய்ச்சல். அந்தத் தாளை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும், நீயே சொல்.

உனக்கு நல்ல தூக்கமும் காலைக் கடிக்காத செருப்பும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
தட்டாமல் நுழையும் தங்கை

பின்குறிப்பு: தம்பி, அம்மா எழுதுறேன். உன் தங்கச்சி குளிக்கப் போயிருக்கா, கடிதாசி மேசையில கெடந்துச்சு, கேக்காமதான் படிச்சேன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கொஞ்சம் தூங்கலாம்னு கதவச் சாத்தினேன். மாத்திரை தலையணைக்கு அடியில இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்குன்னு இப்பவே கையெழுத்தப் போட்டுட்டேன். கீழ ஒரு வரியும் சேத்திருக்கேன்: இவ மட்டும் தட்ட வேணாம். இவ தட்டினா யாரோ வந்த மாதிரி இருக்கும்.