இரண்டு மஞ்சள் அட்டைகள் பற்றித் தலைமை நடுவர் மாமாவுக்கு

பெருமதிப்பிற்குரிய தலைமை நடுவர் திரு. கான்ஸ்தந்தி அவர்களுக்கும், என் பிரியமுள்ள கான்ஸ்தந்தி மாமாவுக்கும்,

நீங்கள் இருவரும் ஒருவர்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மேல்முறையீட்டை நடுவருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று விதிப்புத்தகம் சொல்கிறது. அம்மா உங்கள் மேல் கோபமாக இருக்கிறாள் என்பதை மாமாவிடம்தான் சொல்ல முடியும். உறையை மிச்சப்படுத்த இரண்டையும் ஒன்றாக எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் உடம்புக்குச் சுகம், மனதுக்குத்தான் இல்லை. உங்கள் இடது முழங்காலும் அத்தையின் தக்காளிச் செடிகளும் தேறி வருகின்றன என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். சென்ற சனிக்கிழமை கடலோர அணியுடன், பழங்கால இரும்புக் கவசம் மாட்டி நடந்த கவசப் போர்ப் போட்டியில் என் அப்பா லுத்விக்குக்கு நீங்கள் இரண்டு மஞ்சள் அட்டை காட்டி வெளியேற்றினீர்கள். அதனால் அடுத்த போட்டியிலும் அவர் இறங்கக் கூடாது. அந்த அடுத்த போட்டி மூன்று வாரத்தில் எங்கள் ஊர்க் கோட்டை முற்றத்திலேயே நடக்கிறது. எங்கள் அணியில் இருப்பது ஐந்தே பேர். ஆறாவது ஆளுக்குத் தோளெலும்பு முறிந்துவிட்டது. அதுவும் களத்தில் இல்லை, குளியலறையில். அப்பா இல்லையென்றால் நாலு பேர்தான், நாலு பேரை வைத்து அணி இறங்க முடியாது. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் பயிற்சிக்குப் போகிற அப்பா, ஊர் பார்க்க ஒரு முறையாவது ஒரு சுற்றின் முடிவுவரை நின்றுகாட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். இதுவரை அவர் எந்தச் சுற்றிலும் முடிவுவரை நின்றதில்லை என்பதை நடுவரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தடையை நீக்கக் கோருகிறேன். காரணங்களை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் காலையில் நடந்த சோதனை. எங்கள் அணியின் ஆதாரக் கோப்பு என் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். தலைக்கவசம் முதல் இடுப்பு வார் வரை எல்லாமே ஒரே வட்டாரத்தைச் சேர்ந்ததாகவும், ஒன்றுக்கொன்று ஐம்பது வருடத்துக்குள் இருப்பதாகவும் பழைய ஓவியமோ கல்லறைச் சிற்பமோ காட்டி நிரூபிக்க வேண்டுமே, அதற்காக நாற்பத்து மூன்று பக்கம் சேர்த்து, பக்க எண் போட்டு, பொருளடக்கமும் எழுதியிருந்தேன். நீங்கள் அப்பாவின் இரும்புக் கையுறையைக் கழற்றச் சொன்னீர்கள். உள்ளே கைக்கடிகாரம். "மாப்ள, இது எந்த நூற்றாண்டு?" என்று நீங்கள் கேட்டதும் சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்காமல் கோப்பைப் புரட்டித் தேடிக்கொண்டிருந்தேன். அது கேலி என்று எனக்கு இருபதாம் பக்கத்தில்தான் புரிந்தது.

அடுத்தது கோடாரி. விளிம்பு இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. அப்பா செயற்கைப் பல் செய்கிறவர். எதைக் கையில் எடுத்தாலும் கண்ணாடி மாதிரி மினுக்காமல் வைக்க மாட்டார். முந்தின வாரம் முழுவதும் அந்தக் கோடாரியைப் பல் மினுக்குகிற சக்கரத்தில் வைத்துத் தேய்த்தார். நீங்கள் அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஒன்று புள்ளி ஏழு. "இதுல யாரையாவது அடிச்சீங்கன்னா நேரா அறுவை சிகிச்சைதான்" என்று சொல்லி ஓரமாக வைத்துவிட்டீர்கள். எங்கள் அணித்தலைவர் ஹூபர்ட் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். கூடுதல் ஆயுதம் எதுவும் எங்களிடம் இல்லை. அப்போது கடலோர அணியின் ராதோமிர், அந்தக் கதவளவு அகலமான ஆள், "இந்தா, என் கதாயுதத்தை எடுத்துக்க. எங்கிட்ட ரெண்டு இருக்கு. எங்களோட மோத வந்துட்டு வெறுங்கையோட போனா எங்களுக்கும் கேவலம்" என்று தூக்கிக் கொடுத்தார். எவ்வளவு நல்ல மனிதர்! ஆனால் பாருங்கள், அப்பா ராதோமிரை ராதோமிரின் ஆயுதத்தாலேயே அடிக்க வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டார். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பு சொல்லும்போது நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

முதல் சுற்றில் அப்பா நான்கு நொடியில் விழுந்தார். ஒரு கை, ஒரு முழங்கால், பிறகு வயிறு. இரண்டு பாதங்களைத் தவிர மூன்றாவதாக எது தரையில் பட்டாலும் ஆள் அவுட் என்பதால் வயிறு அவசியமே இல்லை. ஆனாலும் அப்பா எதையும் முழுமையாகத்தான் செய்வார். இரண்டாவது சுற்றில் அதிசயம் நடந்தது. அவர் விழவில்லை. தடுப்புக் கட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ராதோமிரை அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் "மன்னிச்சுக்குங்க" என்றார். தலைக்கவசத்துக்குள்ளிருந்து வந்ததால் பீப்பாய்க்குள் யாரோ பேசுவதுபோலக் கேட்டது. ஆறாவது மன்னிப்பில் ராதோமிருக்குப் பொறுக்கவில்லை.

"நடுவரே! இந்தாளு என்னைக் கேலி பண்றான்!"

"என்ன சொன்னான்?"

"மன்னிச்சுக்குங்கங்கிறான்! ஒவ்வொரு தடவையும்! என் பாட்டுக்கு அடி வாங்கிக்கிட்டுப் போயிடுவேன், இந்த மன்னிப்புத்தான் தாங்கல!"

நீங்கள் சண்டையை நிறுத்தினீர்கள். "மாப்ள, இது என்ன கூத்து?"

"மன்னிச்சுக்குங்க மச்சான்" என்றார் அப்பா.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எதிரணியின் தண்ணீர்க்காரர் உட்பட. நீங்கள் மஞ்சள் அட்டையை எடுத்து, அந்தச் சுற்றிலிருந்து அவரை வெளியே அனுப்பிவிட்டீர்கள். சொல்லாலோ சைகையாலோ எதிராளியை இழிவுபடுத்துவது குற்றம் என்கிற விதிப்படி. இதில் என் முதல் வாதம்: மன்னிப்புக் கேட்பது இழிவுபடுத்துவது ஆகாது. வீட்டிலுள்ள இரண்டு அகராதிகளையும் பள்ளி நூலகத்திலுள்ள பெரிய அகராதியையும் பார்த்துவிட்டேன். மூன்றிலும் மன்னிப்பு நல்ல வார்த்தைதான்.

மூன்றாவது சுற்றுதான் என் மனதை உடைத்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் விழுந்து கிடக்க, எங்களில் அப்பாவும் ஹூபர்ட் மாமாவும், அவர்களில் ராதோமிரும் இன்னொருவரும் நின்றார்கள். ஹூபர்ட் மாமா ராதோமிரின் இடுப்பைப் பிடித்துத் தள்ள, ராதோமிர் அப்பாவின் காலடியில் வந்து விழுந்தார். மூட்டை சரிந்த மாதிரி சத்தம். விழுந்தவர் சுற்று முடியும்வரை அப்படியே கிடக்க வேண்டும், அவரை யாரும் தொடவே கூடாது என்பது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். நான்தான் இரண்டு முறை வாசித்துக்காட்டினேன். ஆனாலும் அப்பா குனிந்து கை நீட்டினார். ராதோமிரும் பழக்கதோஷத்தில் அந்தக் கையைப் பிடித்து எழுந்து, "ரொம்ப நன்றிங்க" என்றார். இருவரும் கையைக் குலுக்கிக்கொண்டு நிற்க, நான்கு நடுவர்களும் ஒரே நேரத்தில் ஊதினீர்கள். எழுந்ததற்கு அவருக்கு ஒரு அட்டை. தொட்டதற்கு அப்பாவுக்கு இரண்டாவது அட்டை. சுற்றும் போச்சு, ஆட்டமும் போச்சு. ஹூபர்ட் மாமா தன் தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு, "லுத்விக்கு, நீ என்ன சண்டைக்கு வந்தியா, கல்யாண வீட்டுக்கு வந்தியா? போற வர்றவனையெல்லாம் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றதுக்கு!" என்றார்.

என் இரண்டாவது வாதம்: விழுந்தவரைத் தொடக் கூடாது என்கிற விதி, விழுந்தவரை அடிக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்டது. தூக்கிவிடுவதைத் தடுப்பதற்கு அல்ல. எழுதியவர்களுக்கு இப்படி ஒரு ஆள் களத்துக்கு வருவார் என்று தோன்றியிருக்காது.

இனி மாமாவுக்கு. வீட்டில் நிலைமை சரியில்லை. அப்பா தினமும் சாயங்காலம் கவசத்தை எடுத்துத் துடைத்து, திரும்பப் பெட்டியில் வைக்கிறார். நேற்று அம்மா உங்களுக்காக எடுத்துவைத்திருந்த புளூபெர்ரிக் கொழுக்கட்டையை முழுச் சட்டியோடு எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். "வேண்டாம்மா, மாமாவுக்குப் பிடிக்குமே" என்றேன். "சொந்தத் தங்கச்சி புருஷன்னு ஒரு மஞ்ச அட்டையக்கூடக் கொறச்சுக்க மாட்டேன்னாருல்ல? அவரு போயி அந்த அட்டையவே கொழுக்கட்டைக்கு வச்ச புளிப்புப் பாலாடையில தொட்டுத் தின்னட்டும்" என்றாள். தங்கை வீட்டுக்காரர் என்பதற்காக அட்டை குறையக் கூடாது என்பது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. அதை அவளிடம் சொன்னேன். எனக்கும் கொழுக்கட்டை கிடைக்கவில்லை.

நீங்கள் நேர்மையான நடுவர் என்று மேற்கு எல்லை முதல் கடற்கரை வரை எல்லா அணிகளும் சொல்கின்றன. அதனால்தான் கெஞ்சாமல் வாதாடுகிறேன். அப்பா செய்த இரண்டு குற்றமும் மரியாதை. மரியாதைக்காக ஒரு மனிதரை வெளியேற்றினால், நாளை களத்தில் மரியாதை தெரியாதவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். நல்ல முடிவைச் சொல்லுங்கள். உங்கள் முழங்கால் படியேறவும் இறங்கவும் வலிக்காமல் இருக்கட்டும், அத்தையின் தக்காளி காய்த்துக் குலுங்கட்டும், உங்கள் ஊதல் எப்போதும் சரியான நேரத்தில் ஒலிக்கட்டும். 

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகளும் ஆதாரக் கோப்பின் பொறுப்பாளருமான,
ஒத்திலியா

பின்குறிப்பு: மேல்முறையீட்டோடு, கையில் இருக்கிற எல்லா ஆதாரத்தையும், நமக்கு எதிரானதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் அம்மா எடுத்த வீடியோவை இன்று பள்ளி நூலகத்தில் வேகம் குறைத்துப் போட்டுப் பார்த்தேன். மாமா, அப்பா அடித்துவிட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு அடிக்கிறார். ஆறு தடவையும். அவர் "மன்னிச்சுக்குங்க" என்றதும் ராதோமிர் எதற்கு என்று கேடயத்தை இறக்கித் திரும்பிப் பார்க்கிறார். அப்போது அடி விழுகிறது.

நேராகப் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். அப்பா சக்கரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"முதல்ல ஒரு தடவை நெசமாத்தாம்மா கேட்டேன். அவன் திரும்பிப் பாத்தான். அட, இது நல்லாருக்கேன்னு தோணுச்சு."

"அப்ப அந்தக் கை நீட்டினது?"

"கை நீட்டுனா என் தப்பா? எழுந்திரிச்சது அவன் தப்பு. அவனுக்கு அட்டை கெடைக்கும்னு நெனச்சேன், எனக்கும் கெடைக்கும்னு நெனைக்கல. மன்னிப்புக் கேட்டுட்டு அடிக்கக் கூடாதுன்னு எந்தப் பக்கத்துலயாவது போட்டிருக்கா?"

"இல்லப்பா."

"அப்பறம் என்ன. மாமாகிட்டச் சொல்லிடாத."

சொல்லிவிட்டேன். ஆகவே மேலே உள்ள ஏழு பக்கங்களையும், இரண்டு வாதங்களையும், மரியாதை பற்றிய வாக்கியத்தையும் திரும்பப் பெறுகிறேன். தடை அப்படியே இருக்கட்டும். எங்கள் ஊர்ப் போட்டியில் எங்கள் அணி இருக்காது. இந்த இடத்தில் மை பரவியிருந்தால் பேனாவின் கோளாறு அல்ல.

கடிதத்தை ஒட்டப்போகிறேன். தபாலில் போட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை தானே நேரில் வந்து கொடுப்பதாக அப்பா சொல்கிறார். தடையைப் பற்றி உங்களிடம் தனியாக நாலு வார்த்தை பேச வேண்டுமாம். முதலில் மன்னிப்புக் கேட்பாராம். மாமா, தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள்.