பூட்டுக்காரர் தேடிய லாபம்

உலகத்தில் யாரும் யாருக்காகவும் சும்மா எதையும் செய்வதில்லை. இது பூட்டுக்கடைக்காரரின் கொள்கை. அதற்கு அவர் கடையே சாட்சி. "எல்லாரும் நல்லவங்கன்னா நான் என்னத்த விப்பேன்?" என்பார். சாவி நகலெடுக்க வந்தவர் அது முடியும்வரை நின்றாக வேண்டும். நிற்கிறவர் கேட்டாக வேண்டும். கடையை மூடினால் வீடு. வீட்டில் கேட்பதற்கு மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருக்கு எதிர்க்கட்சி உண்டு. மனைவியின் தம்பி, பள்ளிக்கூட வாத்தியார்.

"சுயநலம்னு வாய்விட்டுச் சொல்ல உங்களுக்குக் கூச்சமா இல்லையா அத்தான்?"

"எதுக்குக் கூச்சம்? அந்த வார்த்தையிலயே நலம் இருக்கே! லெட்டர்ல என்ன எழுதறே? 'நலம், நலமறிய ஆவல்.' முதல்ல யார் நலம்? நம்ம நலம்! அடுத்தவன் நலம் அப்புறம்தான். அதுவும் வெறும் ஆவல்!"

வாத்தியார் சிரிக்கவில்லை. "சரி. அக்கா தினம் சாயங்காலம் மாடிக்குப் போறாளே, அதுல அவளுக்கு என்ன லாபம்?"

மாடியில் தனியாக இருப்பவர் டெலிபோன் அம்மா. எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டதிலிருந்து, பூட்டுக்காரர் மனைவிதான் போய்க் காய் நறுக்கிக் கொடுத்து, தலை பின்னிவிட்டு வருகிறாள்.

பூட்டுக்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒரு லாபமும் அகப்படவில்லை. அவருக்கே அது புது அனுபவம்.

"அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிக்கிறேன். இல்லேன்னா, நான் சொன்னதெல்லாம் தப்புன்னு இதே நாற்காலியில உக்காந்து சொல்றேன்!"

மனைவி ஒன்றும் பேசாமல் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பேசாமல் போனதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாளே விசாரணை ஆரம்பம்.

"மாடியில உனக்கு என்ன தர்றாங்க?"

"ஒண்ணும் தரல."

"சொத்து கித்து எழுதி வைக்கிறேன்னு சொன்னாங்களா?"

"அவங்களுக்குப் பெத்த பிள்ளைங்க இருக்கு."

"பின்ன ஏன் போறே?"

"பாவம், தனியா இருக்காங்க."

"நீ மேல போயிட்டா நான்கூடத்தான் தனியா இருக்கேன்."

"உங்க கை நல்லாத்தானே இருக்கு?"

அவள் பையைச் சோதித்தார். ஒரு சீப்பு. அதுவும் சொந்தச் சீப்பு. டெலிபோன் அம்மா வீட்டு டிவி பெரிசோ என்று எதிர் வீட்டு மாடியில் போய் நின்று எட்டிப் பார்த்தார். இவர்கள் வீட்டு டிவியைவிடச் சின்னது.

புதன்கிழமை துப்புக் கிடைத்தது. கடைக்குக் கிளம்பும்போது படிக்கட்டில் டெலிபோன் அம்மா தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறினார். எந்தக் கையில்? ஒடிந்த கையில்!

"கட்டு எப்பப் பிரிச்சாங்கம்மா?"

"அது ஆச்சு தம்பி, ஒரு மாசம்."

பூட்டுக்காரர் மூளைக்குள் 'க்ளிக்' என்றது. கை சரியாகி ஒரு மாசம். இவள் இன்னும் கைக்கு உதவியாகப் போகிறாளாம். எந்தக் கைக்கு?

அன்று சாயங்காலம் மனைவி போன கொஞ்ச நேரத்தில் எண்ணெய்க் குப்பியுடன் மாடி ஏறினார். கேட்டால் பூட்டுக்கு எண்ணெய் போட வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கதவில் காதை வைத்தார். காய் நறுக்கும் சத்தம் இல்லை. பேச்சு இல்லை. உள்ளே ரெண்டு பேர், ஒரு சத்தமும் இல்லையா? விஷயம் பெரிசுதான். மண்டியிட்டுச் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தார்.

கதவு திறந்தது. பூட்டுக்காரர் மண்டியிட்டபடியே உள்ளே சரிந்தார்.

ஜன்னலோரம் நாற்காலியில் அவர் மனைவி. கால் இரண்டும் முக்காலி மேல். மடியில் வறுத்த வேர்க்கடலை. அவரைப் பார்த்தும் காலை இறக்கவில்லை.

"என்ன நடக்குது இங்க?"

"ஒண்ணும் நடக்கல. அதுக்குத்தான் வர்றேன்."

"புரியல."

கதவைத் திறந்துவிட்ட டெலிபோன் அம்மா சொன்னார்: "வேலைக்காலம் பூரா ஊரார் பேச்சைக் கேட்டு என் காது ஓஞ்சு போச்சு தம்பி. எனக்குப் பேசாத துணை வேணும்."

"எனக்குக் காதுக்கு லீவு வேணும்," என்றாள் மனைவி. "உங்க கடைக்கு வர்றவங்க சாவி கைக்கு வந்ததும் தப்பிச்சுடறாங்க. நான் எங்க போவேன்?"

பூட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "அப்ப லாபம் இருக்கு! ரெண்டு பேருக்கும் இருக்கு! நான் சொன்னதுதான் சரி! வரட்டும் உன் தம்பி!"

"தாராளமாச் சொல்லுங்க. ஆனா முழுசாச் சொல்லுங்க. 'என் பேச்சுக்குப் பயந்துதான் உங்கக்கா மாடிக்கு ஓடறா'ன்னு சொல்லுங்க. அவன் வகுப்புல உதாரணமா எடுத்து நடத்துவான்."

பூட்டுக்காரர் எண்ணெய்க் குப்பியுடன் கீழே இறங்கினார். காலியான வீட்டில் உட்கார்ந்தார். அப்போதும் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டார்.

"என்ன அத்தான், லாபம் அகப்பட்டுதா?"

மனைவி அடுக்களை வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். பூட்டுக்காரர் அவளைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். வாத்தியாரின் வகுப்பறை கண்ணுக்குள் வந்து நின்றது. துருப்பிடித்த பூட்டிலிருந்து உடைந்த சாவியைப் பிடுங்குவதுபோல ஒவ்வொரு வார்த்தையாக வெளியே வந்தது.

"ஒரு லாபமும் இல்ல மாப்ளே. உங்கக்கா சும்மாதான் போறா. அவ மனசு தங்கம். நான் சொன்னதெல்லாம் தப்பு."

வாத்தியார் குதித்தார். "கேட்டியா அக்கா! அத்தான் கொள்கையையே விட்டுட்டார்!"

"எங்கடா விட்டார்?" என்றாள் அக்கா. "இன்னிக்குத்தான் முதல் தடவையாக் கடைப்பிடிக்கிறார்."