என் மனைவிக்கு மட்டும் சூடாகாத வண்டி

சந்தேகப்படுவதில் எனக்குத் தனித் திறமை உண்டு. பால் பாக்கெட் வாங்கினால்கூடக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பேன். (எதற்கென்று கேட்காதீர்கள்.)

அப்படிப்பட்ட நான்தான், ஒரு விடுதிக்காரர் கழித்துப்போட்ட பழைய ஏடிவியை, அதாவது நாலு சக்கர மோட்டார் பைக்கை, எங்கள் வில்பட்டி காரட் தோட்டத்துக்கு வாங்கினேன். மெக்கானிக் ரஹீம் பாய் ஆயில் மாற்றிக் கொடுத்தார். ஹாரனை மட்டும் நானே மாட்டினேன். வயரை முறுக்கி டேப் சுற்றத் தெரியாதா எனக்கு?

மறுநாளே வண்டி கொதித்தது. மேடேறி ரோட்டைத் தொடுவதற்குள் ஆவி கிளம்பும். மூட்டைகளோடு நடுவழியில் நிற்பேன். ஆனால் என் மனைவி செல்வி ஓட்டினால் ஒன்றும் ஆகாது. அதே மேடு, அதே மூட்டை.

"நீங்க வெரட்டுற வெரட்டு அப்படி" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடவில்லை. பாய்க்குச் சொந்த ஊர் வத்தலக்குண்டு. செல்விக்கும் அதே ஊர். எனக்கு இது போதாதா? இன்ஜினை ஆற்றும் நல்ல விசிறியைப் பாய் கழற்றிக்கொண்டார், செல்விக்கு மட்டும் ஏதோ சூட்சுமம் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஜீப்பில் கயிறு கட்டி வண்டியை பாய் கடைக்கு இழுத்துப்போனேன். செல்வியும் வந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பேர் முன்னிலையில் கேட்டேன்: "பாய், நல்ல விசிறிய எங்க வச்சிருக்கீங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. இன்ஜினை ஓடவிட்டார். சூடேறியும் விசிறி அசையவில்லை.

"பாத்தீங்களா!" என்றேன் கூட்டத்தைப் பார்த்து.

பாய் வயரைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். "இந்த டேப்பச் சுத்துனது யாரு?"

"நான்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

ஹாரனை அமுக்கினார். விசிறி சுற்றியது. விட்டார். நின்றது.

"விசிறி வயரக் கொண்டுபோயி ஹாரன்ல சேத்து வச்சிருக்கீங்களே அண்ணே! ஹாரன் அடிச்சாத்தான் இது சுத்தும்."

செல்வி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பாள், ஆட்டுக்குட்டிக்குக்கூட. நானோ, தேய்ந்துவிடும் என்று அதைத் தொடுவதே இல்லை.

டீ குடித்தவர்களுக்குப் புரையேறியது. அவர்கள் முன்னாலேயே பாயிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கண்ணே" என்றவர், வயரைச் சரிசெய்து முடித்ததும் கையை நீட்டினார். "அந்த டேப்ப மட்டும் எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருங்க."

இப்போது வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், "அம்மா, அப்பா சூடாகுறாரு!" என்பாள் மகள். அடுப்படியிலிருந்து "பாம்... பாம்..." என்று செல்வி குரல் கொடுப்பாள். அதைவிட அவமானம், நானும் உடனே ஆறிவிடுகிறேன்.